யார் கடனை யார் தள்ளுபடி செய்வது?

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்கு ஆரம்பித்து 3 மணி வரை நடக்கும் அந்த ஆராதனையைத் தெரியாத கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கம் குறைவு. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு பிரசங்கம் செய்வார்கள். முதல் வார்த்தை மன்னிப்பு. அது யாருக்கு வாய்க்கிறதோ அவர் பாக்கியசாலி, தயாரிப்பே தேவையில்லை! எழுபது தரம் ஏழு, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னம், அப்புறம் ஒரிசாவில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் எரித்தவர்களை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, "நீங்கள் இன்னும் மன்னிக்காமல் வைத்திருப்பது யாரை?" என்று ஒரு கேள்வி கேட்டு அமர்ந்தால் இருபது நிமிடம் ஓடிவிடும்.

கீழே பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்துகிற ஒரு பெண் இருப்பாள். அண்ணன் பத்திரத்தை மாற்றி எழுதிக்கொண்டதால் பங்கு போன தம்பி இருப்பான். சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர் இருப்பார். இவர்கள் எல்லோரும் வந்ததைவிடக் கூடுதலாக ஒரு குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள். அடித்த புருஷனும் பத்திரம் மாற்றிய அண்ணனும் அதே கோவிலில்தான், பெரும்பாலும் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஒரு கேள்வியும் வராது. அடித்தவனுக்கு ஆசீர்வாதம், அடிபட்டவளுக்கு வீட்டுப்பாடம்!

இதைக் கேட்டால் உடனே, "அப்போ மன்னிக்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று சண்டைக்கு வருவார்கள். அப்படி யார் சொன்னது? மன்னிப்பை எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் மிஞ்சுவது சில பண்டிகைகளும் கேக்கும்தான். கேள்வி வேறு. மன்னிக்கிற உரிமை யாருடையது? அடிபடாதவர் எழுந்து நின்று, அடிபட்டவரின் சார்பில் அதை வாரி வழங்கலாமா?

அந்த முதல் வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். ஆணி அடிக்கப்பட்டவர்தான் அதைப் பேசினார். அடித்தவர்களுக்காகப் பிதாவிடம் கேட்டது அவரே. சிலுவையின் அடியில் நின்ற யாரும் அவரைப் பார்த்து "இவர்களை மன்னித்துவிடப்பா, மனசில் வைத்துக்கொள்ளாதே" என்று சொல்லவில்லை. பிலாத்து சொல்லவில்லை, காய்பா சொல்லவில்லை. அழுதுகொண்டு நின்ற தாயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும்! நம் ஊரில் நடக்கும் பாதி மன்னிப்புப் பிரசங்கம் அந்த இடத்தில் நின்றுதான் நடக்கிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6ஆம் அதிகாரத்து ஜெபத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் இருக்கும் சொல் 'கடன்'. மன்னிப்பைக் கடன் கணக்காகப் பேசுவது வேதத்தின் வழக்கம்தான். எனவே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரு கடன் வராது என்று ஆனால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதி ஒரு கட்டத்தில் ஏட்டிலிருந்து எடுக்கும். இதற்குப் பெயர் ரைட்-ஆஃப். அரசாங்கம் தேர்தல் சமயத்தில் விவசாயக் கடனை ரத்து செய்வது வெய்வர். செய்தித்தாள் இரண்டுக்குமே 'தள்ளுபடி' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. ரைட்-ஆஃப் செய்தாலும் கடன் வாங்கியவர் கடன்காரர்தான். வழக்கு நடக்கும், ஜப்தி நடக்கும். வங்கி தன் ஏட்டைச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவே. வெய்வரில்தான் வாங்கியவருக்கு விடுதலை. ஆனால் இரண்டிலும் ஒரு பொது விதி உண்டு. தள்ளுபடி செய்கிறவர் அந்த நஷ்டத்தைத் தாங்குகிறவராக இருக்க வேண்டும். பக்கத்து வங்கியின் கடனை இந்த வங்கி மேனேஜர் தள்ளுபடி செய்தால் அதற்குப் பெயர் தாராள மனசு அல்ல, மோசடி.

இந்த விதியை மனதில் வைத்து மத்தேயு 18ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரனை ராஜா மன்னிக்கிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தினாரியம், ஒரு தினாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி! அந்த வேலைக்காரனோ தனக்கு 100 தினாரியம், அதாவது 100 நாள் கூலி தர வேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். ராஜா அவனைத் திரும்பக் கூப்பிட்டுத் தண்டிக்கிறார். பிரசங்கங்களில் இது மன்னிக்காதவனுக்கு எச்சரிக்கை. சரிதான். ஆனால் ராஜா மன்னித்தது தன் சொந்தப் பணத்தை. நஷ்டம் அவர் கஜானாவுக்கு. அதுவும் அவன் காலில் விழுந்து கெஞ்சிய பிறகு. கழுத்து நெரிபட்டவனைக் கூப்பிட்டு, "பெரிய மனசு பண்ணி அவனை விட்டுவிடு" என்று ராஜா சமாதானம் பேசவில்லை. கழுத்தை நெரித்தவனைத்தான் கூப்பிட்டார்.

இன்னொன்று. பேதுரு வந்து எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்பது அதே அதிகாரத்தின் 21ஆம் வசனத்தில். அதற்குச் சற்று முன்னால், 15 முதல் 17 வரை என்ன இருக்கிறது? உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் தனியே போய் அவனிடம் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் கேட்காவிட்டால் அவன் வெளியாள். ஏறக்குறைய ஒரு விசாரணை முறையே இது! லூக்கா 17இலும் அப்படித்தான்: கண்டிப்பது முதலில், அவன் மனம் வருந்தினால் மன்னிப்பது அடுத்து. எழுபது தரம் ஏழு தெரிந்த அளவுக்கு இந்த மூன்று வசனங்கள் யாருக்காவது தெரியுமா? முன்வரிசை வெள்ளைச் சட்டைகளில் பலர் சபைக் கமிட்டியிலும் இருப்பதால், தெரியாமல் இருப்பதே எல்லோருக்கும் வசதி.

இனி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரி 22 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், 10 வயதும் 6 வயதுமான இரண்டு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்மணி மன்னித்தேன் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பாரிபாடாவிலேயே 2004 வரை தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதெல்லாம் பிரசங்கத்தில் வரும். வராதது ஒன்று: மன்னிப்பது தன் காரியம், தண்டிப்பதா இல்லையா என்பது சட்டத்தின் காரியம் என்று அவர் இரண்டையும் பிரித்தே வைத்தார். வழக்கு தன் போக்கில் நடந்தது. 2003இல் தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். அவர் தன் ஏட்டைச் சுத்தம் செய்தார், அடுத்தவர் ஏட்டில் கை வைக்கவில்லை. முக்கியமாக, யாரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிக்கச் சொல்லிப் பாடம் நடத்தவில்லை. அவராகக் கொடுத்தார். அவர் கொடுத்ததை எடுத்து அடிபட்ட இன்னொரு பெண்ணின் தலையில் கொட்டி, "அந்த அம்மாவே மன்னித்தார்கள், உனக்கென்ன?" என்று கேட்பது அவருக்கே செய்யும் அவமரியாதை.

இலங்கையிலும் இதே கதை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஈஸ்டரில் கர்தினால் மல்கம் ரஞ்சித் நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றார். அதற்கப்புறமும் பின்னணியில் யார் என்று கேட்பதை அவர் விடவே இல்லை. எச்சரிக்கை வந்தும் தடுக்காத குற்றத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்தாயிற்றே, பிறகென்ன வழக்கு என்று கேட்பவர்கள் மன்னிப்பையும் புரிந்துகொள்ளவில்லை, வழக்கையும் புரிந்துகொள்ளவில்லை.

ஒரிசாவும் இலங்கையும் தூரம். இந்தப் பிரசங்கங்கள் தூரத்து உதாரணத்தையே தேடிப் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. பக்கத்து உதாரணம் சுடும்.

பிச்சாவரத்துக்குச் சுரபுன்னைக் காட்டைப் பார்க்கப் படகேற வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் வேதம் எவ்வளவு பழையது என்று தெரிந்திருக்காது. கடலூரில் 1740இலேயே கீர்நாந்தர் என்ற மிஷனரி சீர்திருத்தச் சபை ஊழியம் செய்தார். கத்தோலிக்கர்களுக்கு இது புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டம். பிச்சாவரத்திலிருந்து மேற்கே சிதம்பரம், விருத்தாசலம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போனால் எறையூர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், அதே மறைமாவட்டம். பெரிய கோவில், ஆயிரக்கணக்கில் கத்தோலிக்கர்கள். அதில் வன்னியர்களும் உண்டு, தலித்துகளும் உண்டு. கல்லறை தனித்தனி. தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் பொதுத் தெரு வழியாக வரக் கூடாது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள்!

இப்படி ஓர் ஊரில் போய் மன்னித்து மறந்து ஒன்றாக இருங்கள் என்று சொன்னால் அது யாரைப் பார்த்துச் சொல்வதாகும்? இழந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கல்லறைச் சுவர் ஒரு பக்கத்தார் எழுப்பியது. மன்னிப்பு என்பது நடந்து முடிந்ததற்கு. சுவரோ 2008இல் நடந்து முடிந்த சம்பவம் அல்ல, ஒவ்வொரு சாவுக்கும் புதிதாக நடக்கிறது. மாதா மாதம் கடன் ஏறிக்கொண்டே இருக்கும் கணக்கை எப்படி முடித்து எழுதுவது? முதலில் கடன் வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். எறையூர் ஒன்றுதானா என்றால் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நிற்கும் சுவர் ஊரறிந்தது.

மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. 1833இலேயே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் கோவிலுக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே ஜாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தன் கொள்கை அறிக்கையில் எழுத்து மூலமாகவே ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. அடுத்த படி சகேயு செய்தது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன், சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றான் அவன். அதற்கப்புறம்தான் அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு சொன்னார். சகேயுவைப் பற்றிய ஞாயிறு பள்ளிப் பாட்டில் மரம் ஏறியது வரைக்கும்தான் குழந்தைகளுக்கு ஆக்‌ஷன் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மறுபக்கத்தில் ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குற்றவாளி வந்து மன்னிப்புக் கேட்கும் வரை காத்திருந்தால் பாதிக்கப்பட்டவர் ஆயுசுக்கும் அவனுக்கு அடிமை. கசப்பு அவனைத் தின்னாது, இவரைத்தான் தின்னும். உண்மை. இந்தூர் பக்கம் 1995இல் கொல்லப்பட்ட அருட்சகோதரி ராணி மரியாவின் தங்கை, கொன்றவனுக்கே 2002இல் சிறைக்குப் போய் ராக்கி கட்டினார். அவன் மனம் திரும்பினான், 2006இல் விடுதலையானான். அந்தத் தங்கைக்குக் கிடைத்த நிம்மதியை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அது அவர் தானாக எடுத்த முடிவு, அதுவும் அவன் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோது. கசப்பிலிருந்து வெளியே வர ஒருத்திக்கு உதவ வேண்டும் என்றால் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். மைக் பிடித்து இருபது நிமிடத்தில் ஆகிற காரியம் அல்ல. மொய் வைப்பதுகூட அவரவர் விருப்பம் என்று வாயளவிலாவது சொல்கிறோம், மன்னிப்பில் மட்டும் கட்டாய வசூலா?

நாட்டின் சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். எந்தக் குற்றத்தைச் சமாதானமாக முடிக்கலாம் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320ஆம் பிரிவில் ஓர் அட்டவணை இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 359ஆம் பிரிவு. அதில் 'யார் முடிக்கலாம்' என்றே ஒரு பத்தி உண்டு. அடிபட்டவர், அவதூறுக்கு ஆளானவர் என்று பாதிக்கப்பட்டவரைத்தான் அது குறிப்பிடும். கொலையும் பலாத்காரமும் அந்த அட்டவணையிலேயே கிடையாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமை. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். "சபையின் பெயர் கெட்டுவிடும், மன்னித்துவிடுங்கள்" என்று பெற்றோரை வீட்டுக்கு அனுப்பும் போதகர் கிறிஸ்தவ அன்பைக் காட்டவில்லை, ஆறு மாதம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றத்தைச் செய்கிறார். நிறுவனத்தின் தலைவர் என்றால் ஒரு வருஷம் வரை.

அடுத்த பெரிய வெள்ளிக்கு முதல் வார்த்தை கிடைக்கப்போகும் போதகருக்கு ஒரு யோசனை. மத்தேயு 5இல் 23, 24ஆம் வசனங்களைப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறது. நடக்க வேண்டியது அடித்தவன். இதைப் படித்துவிட்டு காணிக்கைப் பையைச் சுற்றுக்கு விடாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பத்திரம் மாற்றிய அண்ணன், கை ஓங்கிய புருஷன், கல்லறைச் சுவருக்குச் செங்கல் கொடுத்தவர், இவர்கள் எழுந்து போக நேரம் கொடுங்கள். அந்த வாரம் வசூல் குறையும். பொருளாளர் கேட்டால் அந்த இரண்டு வசனங்களையும் காட்டிவிடலாம்.