தீவுக்கு வாக்களிக்கும் முன்

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் மே, ஜூன் மாதங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பல்கலைக்கழக இறுதித் தேர்வு முடித்த மகன் இரவு உணவின்போது சற்றுத் தயங்கிவிட்டு, "வாப்பா, கூட்டாளிகளெல்லாம் சேர்ந்து ஒரு வாரம் தீவுக்குப் போறாங்க, நானும் போகட்டுமா?" என்று கேட்கிறான். எட்டுப் பேர் கொண்ட குழு. கைப்பேசியில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. இபிசா, மயோர்க்காவின் மகலூஃப், கிரேக்கத்தின் ஸாக்கிந்தோஸ், சைப்பிரஸின் ஐயா நாப்பா, மால்ட்டா ஆகிய ஐந்தில் ஒன்று. விமானக் கட்டணம் எங்கே குறைவு, விடுதி எங்கே மலிவு, இரவுக் கேளிக்கை எங்கே அதிகம் என்பவையே அவர்களுடைய அளவுகோல்கள்.

இதற்கு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. "ஹராம், அந்தப் பேச்சே வேண்டாம்" என்பது ஒன்று. "நீ குடிக்காமல் இருந்தால் சரி" என்பது மற்றொன்று. முதல் விடையோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை பிள்ளை கேட்காமலேயே போகிறான். இரண்டாவது விடையைச் சொல்பவர், மகன் எந்த இடத்துக்குப் போகிறான் என்பதை வரைபடத்தில்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளையோடு அமர்ந்து அந்த ஐந்து தீவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு விடை சொல்வதே முறை என்று நாம் கருதுகிறோம். அவை ஒன்றுபோல் இருப்பவை அல்ல.

இபிசாவிலிருந்து தொடங்குவோம். அரபு ஆட்சிக் காலத்தில் 'யாபிஸா' என்று வழங்கிய இத்தீவு 1235-இல் கிறிஸ்தவப் படைகளின் கைக்குப் போனது. 1960-களில் ஹிப்பிகள் வந்தனர்; 1973-இல் 'பாச்சா' என்னும் நடனக்கூடம் திறக்கப்பட்டது; அதன்பின் உலகின் இரவுக் கேளிக்கைக்கே இத்தீவு தலைநகர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்குள்ள பெரிய கூடங்கள் நள்ளிரவில்தான் களைகட்டும், விடியும்வரை நடக்கும். ஜூலையில் அங்கே சூரியன் மறைவது இரவு 9 மணிக்கு மேல். உதிப்பது காலை 6.30 மணியளவில். மஃரிபுக்கும் இஷாவுக்கும் உரிய நேரத்தில் குழு புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். ஃபஜ்ர் நேரத்தில் கூடத்துக்குள்ளேயே இருக்கும், அல்லது வாடகை வண்டிக்காகத் தெருவில் வரிசையில் நிற்கும். "தொழுகையை விடமாட்டேன்" என்று மனமார வாக்களிக்கும் பிள்ளை, அந்த வாக்கை எந்த மணிக்கு, எந்த இடத்தில் நிறைவேற்றப்போகிறான் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். செலவைப் பற்றியும் ஒரு சொல்: இந்த ஐந்தில் இபிசாவே கைக்கு மிகக் கடினமானது. கூடத்தின் நுழைவுச் சீட்டுக்கே பல பத்து யூரோ போய்விடும். உள்ளே ஒரு குப்பித் தண்ணீரின் விலை எவரையும் திகைக்கவைக்கும்.

மகலூஃப் வேறு வகை. மயோர்க்காத் தீவின் தென்மேற்கில் உள்ள இந்தக் கடற்கரை ஊர், மலிவான குடிக்காகவே பிரிட்டன் இளைஞர்களிடையே பெயர் பெற்றது. 2020-இல் பலேயாரிக் தீவுகளின் அரசு ஒரு சட்டம் இயற்றியது. மகலூஃப், பால்மா கடற்கரை, இபிசாவின் ஸான் அன்டோனியோ ஆகிய பகுதிகளில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்ற மது விற்பனையும், கூட்டமாக மதுக்கடை மதுக்கடையாக அழைத்துச் செல்லும் சுற்றுகளும் தடை செய்யப்பட்டன. அப்பகுதிகளில் எல்லாம் அடங்கிய கட்டணத்தில் தங்குவோருக்கு நாளொன்றுக்கு ஆறு குவளை மட்டுமே, அதுவும் உணவு வேளைகளில், என்று வரம்பு வைத்தார்கள். 2024-இல் இரவு 9.30 முதல் காலை 8 வரை கடைகளில் மது விற்பதையும் அங்கே நிறுத்தினார்கள். இதைச் செய்தவர்கள் மார்க்க அறிஞர்கள் அல்லர். சுற்றுலா வருமானத்தையே பெரிதும் நம்பி வாழும் ஒரு தீவின் மக்கள் பிரதிநிதிகள். மதுவின் பயனைவிடத் தீமையே பெரிது என்பதை நாம் வேதத்தின் வழி அறிவோம். அவர்கள் அதைத் தம் ஊரின் தெருக்களில் கண்டார்கள்.

அந்தச் சட்டம் மாடி முகப்பிலிருந்து குதிப்பவர்களுக்கும் தண்டனை வைத்திருக்கிறது. போதையில் ஓர் அறையின் முகப்பிலிருந்து அடுத்த அறைக்குத் தாவுவது, அல்லது நீச்சல் குளத்தை நோக்கிப் பாய்வது. இதற்கென்றே 'பால்கனிங்' என்று ஸ்பானிய மொழியில் ஒரு சொல் உண்டாகிவிட்டது. பால்மா நகர அரசு மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள், 2010 முதல் 2015 வரை இவ்வாறு விழுந்து தம்மிடம் கொண்டுவரப்பட்ட 46 பேரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். சராசரி வயது 24. ஏறத்தாழ எல்லோருமே குடித்திருந்தனர். இரவு மூன்று மணிக்கு அப்படி ஒரு தொலைபேசி அழைப்பைப் பெற்ற பெற்றோரின் மதம் என்னவென்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை.

ஆனால் மயோர்க்கா என்பது மகலூஃப் மட்டும் அன்று. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது முஸ்லிம்களின் தீவாக இருந்தது. மதீனா மயூர்கா என்ற தலைநகர் 1229-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரகோன் மன்னரிடம் வீழ்ந்தது. அதுவே இன்றைய பால்மா. அரபுக் குளியல் மண்டபம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அல்கூதியா, அல்காய்தா, பினிஸ்ஸலெம் என்று ஊர்ப்பெயர்கள் அரபியிலேயே தொடர்கின்றன. மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த வயல்களும் வாய்க்கால்களும் அக்காலத்து நீர்ப்பாசன அறிவின் தொடர்ச்சி. அதே தீவு, அதே விமான நிலையம். இறங்கியபின் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் வேறுபாடு.

ஸாக்கிந்தோஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே கேளிக்கைத் தெரு இருக்கும் லகானாஸ் வளைகுடாதான் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட வரும் கரையும் கூட. 1999-இல் அதைத் தேசியக் கடற்பூங்காவாக அறிவித்தார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று எண்ணி ஊர்ந்து போகும். அங்கே இரவின் வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மால்ட்டா நம்மை வியக்கவைக்கும் தீவு. அம்மக்கள் கத்தோலிக்கர்கள், அவர்களுடைய மொழியோ அரபியிலிருந்து பிறந்தது. இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்கு 'ரன்தான்' என்று பெயர். மதீனாவையும் ரபாத்தையும் நினைவூட்டும் இம்தினா, ரபாத் ஆகிய ஊர்கள் அருகருகே இருக்கின்றன. பாவ்லா நகரில் பள்ளிவாசல் உண்டு. கேளிக்கைக்குப் பெயர்போன பேச்வில் பகுதி சில தெருக்களில் அடங்கிவிடுவது. விலகி நிற்க நினைப்பவருக்கு எஞ்சிய தீவு முழுவதும் இருக்கிறது.

இனி ஐயா நாப்பா. 1974 வரை அது ஒரு சிறு மீனவக் கிராமம். அவ்வாண்டு துருக்கியப் படையெடுப்பால் தீவு இரண்டாகப் பிரிந்து, ஃபாமகுஸ்தாவின் கடற்கரை விடுதிகள் வேலிக்குள் அடைபட்டபோது, சுற்றுலாத் தொழில் தெற்கே நகர்ந்து இந்தக் கிராமத்தை விழுங்கியது. அங்கே போகும் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் லார்னகா விமான நிலையத்தில் இறங்கி, முக்கால் மணி நேரம் கிழக்கே பயணம் செய்கிறார்கள். அந்த விமான நிலையத்தை ஒட்டி ஓர் உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் வற்றி வெண்மையாகக் கிடக்கும்; குளிர்காலத்தில் செந்நாரைகள் வரும். ஏரியின் மறுகரையில், பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளிவாசல். அங்கே அடங்கியிருப்பவராகக் கருதப்படுபவர் உம்மு ஹராம் (ரலி).

உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களின் துணைவியார் அவர். நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் அவருடைய இல்லத்தில் உறங்கி, புன்னகையோடு எழுந்து, தம் சமுதாயத்தினர் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடல்மீது செல்லும் காட்சியைக் கண்டதாகக் கூறியதும், "நானும் அவர்களில் ஒருத்தியாக இருக்கப் பிரார்த்தியுங்கள்" என்று உம்மு ஹராம் வேண்டிக்கொண்டதும் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆவியா (ரலி) தலைமையில் சைப்பிரஸுக்குக் கப்பல்கள் புறப்பட்டபோது அவரும் சென்றார். ஊர்தியிலிருந்து விழுந்து மரணமடைந்தார். மத்தியதரைக் கடலுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு பழமையானது. சுன்னத்தான தாடியோடு லார்னகாவில் இறங்கி, ஏரியின் பக்கம் திரும்பியும் பாராமல் கிழக்கே போகும் பிள்ளைகளைக் கண்டால் நமக்குக் கோபம் வருவதில்லை. அவர்களிடம் நாம் சொல்லியிருக்கவில்லை என்ற வெட்கமே வருகிறது.

"நான் குடிக்க மாட்டேன்" என்ற வாக்குறுதிக்கு வருவோம். பிள்ளையின் சொல்லை நாம் நம்புகிறோம். ஆயினும் குழுப் பயணத்தின் கணக்கு எப்படி நடக்கும் என்பதை அறிந்தவர்கள் குடும்பத்தில் அவனிடம் பேச வேண்டும். முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் சேர்ப்பார்கள். கடையில் வாங்கும் ரொட்டியும் மதுவும் அதே பணத்தில்தான். பொறுப்பானவன் என்பதால் வீட்டு வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில் எழுதப்படும்; உடைந்த கண்ணாடிக்கும் அவன் முன்பணமே போகும். எல்லோருடைய கடவுச்சீட்டையும் அவனே வைத்திருப்பான். மயங்கியவனை அவனே தூக்கிவருவான். மதுவின் விஷயத்தில் பருகுபவர் மட்டுமன்றி அதைச் சுமப்பவர், பரிமாறுபவர், வாங்குபவர் எல்லோருமே கண்டிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். மது சுற்றிவரும் விரிப்பில் அமர்வதைப் பற்றிய எச்சரிக்கையையும் அறிவோம். பொதுப்பணத்தில் பங்கு தருவதன் சட்டநிலை என்ன என்பதைப் பிள்ளையே ஊர் ஆலிமிடம் கேட்கட்டும். போகும் முன் கேட்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இதே கேள்வியை மகள் கேட்டால் நம் வீடுகளில் விடை ஒரு நொடியில் வந்துவிடுகிறது. மகன் கேட்டால்தான் இவ்வளவு ஆலோசனை. மது இருவருக்கும் ஒரே விலக்குதான்.

நண்பர்கள் அழைப்பது அன்பினால். மூன்றாண்டுகள் ஒன்றாகப் படித்தவர்கள் பிரியும் முன் ஒன்றாக இருக்க விரும்புகிறார்கள்; அந்த விருப்பத்தில் குறை காண ஒன்றும் இல்லை. பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்லும் வேதம் நம்முடையது. ஆகவே வாக்கெடுப்பு முடிந்தபின் மறுப்பதைவிட, அது தொடங்கும்போதே ஆறாவது தெரிவு ஒன்றை முன்வைப்பது மேல். பால்மாவிலிருந்து மலையைக் குடைந்து ஸோயெருக்குப் போகும் மரப்பெட்டி ரயில் 1912 முதல் ஓடுகிறது. அங்கிருந்து கடலுக்கு டிராம் வண்டி. மால்ட்டாவில் கோஸோ தீவுக்குப் படகு. ஏழு நாள் வேண்டாம், நான்கு நாள் போதும்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் சென்ற கோடையில் இதுதான் நடந்தது. உம்மாதான் முதலில் கேட்டார்: "எந்த விமான நிலையத்துல இறங்குவீங்க?" லார்னகா என்றதும், ஐயா நாப்பாவுக்குப் போகாமல் லார்னகாவிலேயே தங்கினால் என்ன என்று மகன் குழுவில் எழுதினார். மூவர் சிரித்துவிட்டு இபிசாவுக்குச் சீட்டு எடுத்தனர். நால்வர் அவரோடு வந்தனர். உணவுக் கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டார். அவர்களும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் மாலை வெயில் தணிந்தபின் ஐவரும் ஏரியைச் சுற்றிப் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். அங்கே அடங்கியிருக்கும் அம்மையார் யார் என்று நண்பர்கள் கேட்டபோது தமக்குப் பாதி வரலாறுதான் தெரிந்திருந்தது என்றும், மீதியை அன்றிரவே வாப்பாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதாகவும் அவர் நம்மிடம் சொன்னார்.