கரைக்கு வந்த பிறகுதான் 108

அமெரிக்காவில் 1960-கள் வரை அடிபட்டவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச்சென்ற வண்டிகளில் ஏறக்குறையப் பாதி, சவ அடக்கம் நடத்தும் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளத்துக்கு வண்டி அவர்களிடம்தான் இருந்தது. இந்த நிலையை மாற்றிய இடங்களில் லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டம் முக்கியமானது. 1969-ல் அதன் தீயணைப்புத் துறை தன் வீரர்கள் சிலரை ஹார்பர் பொது மருத்துவமனைக்கு அனுப்பி, மாரடைப்புக்கான அவசர சிகிச்சையில் பழக்கியது. மருத்துவரோ செவிலியரோ பக்கத்தில் இல்லாமல் அவர்கள் ஊசி போடுவதற்குச் சட்டம் இடம்தரவில்லை. 1970-ல் அப்போதைய ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

தீயணைப்பு வீரர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. பேட்டைக்குப் பேட்டை நிலையம் இருந்தது. இரவிலும் ஆள் இருந்தார்கள். சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். யார் முதலில் போகிறாரோ அவருக்கே வைத்தியத்தையும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

நாம் வேறு வழியில் போனோம். சென்னையில் 1908-ல் உருவான தீயணைப்புப் படை, இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையாக வளர்ந்திருக்கிறது. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது முதல் வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது வரை அதன் தலையில்தான். சிகிச்சை மட்டும் தனியே பிரிந்து, 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸாக வந்தது. ஐதராபாத்தில் 2005-ல் தொடங்கிய இஎம்ஆர்ஐ நிறுவனத்தோடு அரசு கைகோத்து உருவாக்கிய சேவை அது. பிரசவ வலியெடுத்த பெண்களுக்கும் சாலையில் அடிபட்டவர்களுக்கும் அது செய்திருக்கும் உதவியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது. ஆனால் இத்தனையும் சாலையை நம்பிய ஏற்பாடுகள்.

குமரி மாவட்டக் கடியப்பட்டணத்தில் சாலை மணலோடு முடிந்துவிடும். முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, வள்ளியாறு கடலில் சேரும் பகுதி இது. ஆனி, ஆடியில் அலையேற்றத்தில் வள்ளம் கவிழ்வதும், நடுக்கடலில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1838-லேயே நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கிய மாவட்டம். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. மருத்துவமனைக்குக் குறைவில்லை. ஆளைக் கரை சேர்க்கும் வரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மூழ்கியவரைத் தூக்கி வந்ததும் பெரும்பாலும் நடப்பது இது: குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவார்கள். வாய்வழியே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு நிம்மதி. வருவது பெரும்பாலும் வயிற்றிலிருக்கும் தண்ணீர். அது உணவோடு சேர்ந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் பிழைக்கக்கூடியவரும் பிழைக்க மாட்டார். மூச்சு நின்றவருக்கு முதல் தேவை காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், இடையிடையே ஊத வேண்டும். மூச்சும் இதயத் துடிப்பும் நின்ற நாலைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கிவிடும். அதற்குள் எந்த 108 வரும்?

2017-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவிகள் கொடுக்கப்பட்டன. ஆபத்து என்று கரைக்குச் சொல்ல இப்போது வழி உண்டு. சொன்ன பிறகு வருவதற்கு யார் இருக்கிறார்கள்? கேரளம் 2020-ல் விழிஞ்ஞம் உள்ளிட்ட இடங்களில் கடல் ஆம்புலன்ஸ்களை இறக்கியது. குஜராத்தில் 108-க்கே படகு உண்டு. குமரியிலும் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் படகு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் நம்பவில்லை. டீசலுக்கும் ஆளுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால், கொடியசைத்து அனுப்பிய படகு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். ஓடினாலும், கவிழ்ந்த வள்ளத்துக்கு முதலில் போய்ச் சேர்வது பக்கத்து வள்ளம்தான்.

லாஸ் ஏஞ்சலீஸின் கணக்கை இங்கே போட்டால், பயிற்சி அந்தப் பக்கத்து வள்ளத்துக்குப் போக வேண்டும். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்குத் தடை. ஆட்கள் ஊரில் இருப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் ஒத்திகை காட்டும் தீயணைப்புத் துறையும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வந்தால், கூட்டம் சேர்க்க ஆலய ஒலிபெருக்கி போதும். வள்ளங்களுக்குத் தடை கிடையாது என்பதால், வள்ளத்தில் போகிறவர்கள் தொழிலை விட்டு வரும் நாளுக்கு ஒரு தொகை தர வேண்டும். பெண்களையும் விட்டுவிடக் கூடாது. ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தில் மீன் எடுக்கக் கரையில் காத்து நிற்பவர்கள் அவர்கள்; அலையடியில் வள்ளம் கவிழ்ந்தால் தண்ணீரில் இறங்கி ஆளை இழுத்துப் போடுவதும் அவர்களாகத்தான் இருக்கும்.