புற்றரைக்கு எதற்கு நஞ்சு?

அண்மையில் மடுல்கெல்லைக்குச் சென்றிருந்தேன். நக்கிள்ஸ் மலைகளைப் பார்த்து நிற்கும் பழைய துரை பங்களா ஒன்றில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள். அதன் புற்றரையில், முதுகில் டாங்கியைச் சுமந்தபடி தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மருந்தடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு.

"என்ன பூச்சிக்கு அடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க ஐயா. மாசத்துக்கு ஒருக்கா அடிக்கச் சொல்லியிருக்காங்க."

நஞ்சை மருந்து என்று அழைக்கும் நமது பழக்கத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. நோய் எதுவென்று தெரியாமல் மாதந்தோறும் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா?

பூச்சியை அடக்க நஞ்சை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதை இலங்கையின் தேயிலை மலைகள் ஏற்கெனவே கண்டுவிட்டன. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. மக்ரோசென்ட்ரஸ் என்பது அதன் பெயர். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். சம்பளம் கேட்காத அந்தக் காவலாளியால் புழு அடங்கிப் போனது. பின்னர், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் தெளித்தார்கள். குளவி மடிந்தது, அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகியது. காசு கொடுத்து வாங்கிய தொல்லை!

அது தேயிலை, இது பூந்தோட்டம் என்பீர்களானால், 2008இல் இலங்கைக்குள் நுழைந்த பப்பாசி மாவுப்பூச்சியை எண்ணிப் பாருங்கள். பப்பாசியோடு நிற்காமல் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையையும் அது பிடித்தது. மெழுகுப் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் அதை நஞ்சு எளிதில் எட்டுவதில்லை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த இன்னொரு குளவியே அதை அடக்கியது. 2010இல் தமிழ்நாட்டிலும் அதே குளவியை விட்டார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

பங்களா முகாமையாளரிடம் இவற்றைச் சொன்னேன். புல்லில் மஞ்சள் திட்டு விழுந்தால் விருந்தினர் முகம் சுளிப்பார்கள் என்றார். திட்டு விழுந்த இடத்தில் ஒரு சாண் மண்ணைப் புரட்டிப் பார்த்தால், வேரைத் தின்னும் வெண்புழு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டொன்று இருந்தால் மைனாக்களே கொத்தித் தின்னும். அதற்குள் மண்புழுவையும் சேர்த்துக் கொல்வானேன்? புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விட்டாலே வேர் வலுப்பெற்றுப் பாதித் தொல்லை தீரும்.

முகாமையாளர் சிரித்தார். யோசிப்பதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் அந்தப் பெரியவரை மறுபடியும் கண்டேன். பீலியடியில் டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய நீர் ஓடிய கானுக்குச் சற்றுக் கீழே, லயத்துப் பெண் ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.