சக்திப் பானமா, சீனிப் பானமா?

பெயர் ஒன்றாகவும் பொருள் வேறொன்றாகவும் இருக்கும் பண்டத்தை விற்பவனை நம் ஊரார் ஒரு சொல்லாற் குறிப்பர். அச்சொல்லை இங்கே எழுதுதல் முறையன்று. ஆயினும், அச்சொல்லுக்கு உரிய வாணிபம் ஒன்று இன்று நம் கண்முன்னே பட்டப்பகலில் நடைபெறுகின்றது. அதனைக் கண்டும் காணாதவர்போல் இருத்தல் எமக்கு இயலாது.

"சக்திப் பானம்" என்னும் பெயரோடு ரின்களில் அடைக்கப்பட்டு, நகரத்துப் பேரங்காடி முதல் நாட்டுப்புறப் பெட்டிக்கடை வரை விற்கப்படும் பானங்களைப் பற்றியே இங்கு பேசுகின்றோம். இரவிரவாக லொறி ஓட்டுபவர், பரீட்சைக்குக் கண்விழிக்கும் மாணவர், வெயிலில் மருந்தடித்துக் களைத்த கமக்காரர், வழக்குக் கட்டுகளோடு நள்ளிரவைக் கடக்கும் சட்டத்தரணி, கடமை முடிந்து திரும்பும் வைத்தியசாலை ஊழியர் ஆகிய எல்லோரும் இதனை வாங்கிக் குடிக்கின்றனர். இவர்களுள் நீரிழிவு உடையவர் எத்தனை பேர்? தமக்கு நீரிழிவு உண்டென்பதையே அறியாதவர் எத்தனை பேர்? அவர்களுக்கு இப்பானம் பாதுகாப்பானதா?

பாதுகாப்பானதன்று என்பதே எமது விடை. வெறும் கூச்சலால் அதனை நிறுவ யாம் விரும்பவில்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைக்கின்றோம். தீர்ப்பை வாசகர்களே வழங்கட்டும்.

முதலில் பிறப்பு வரலாறு. 1962ஆம் ஆண்டில் ஜப்பானில் 'லிப்போவிற்றான் டீ' என்னும் பானம் சிறு போத்தல்களில் விற்பனைக்கு வந்தது. 1970களில் தாய்லாந்தில் 'கிராத்திங் தேங்' என்னும் இனிப்புப் பானம் தோன்றியது. அதனை விரும்பி வாங்கியோர் லொறிச் சாரதிகளும் கூலித் தொழிலாளருமே. அதனையே சிறிது மாற்றி, 1987ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவில் 'ரெட் புல்' என்னும் பெயரில் மேல்நாட்டுச் சந்தைக்கு இறக்கினர். உழைத்துக் களைத்தவனின் களைப்பே இவ்வாணிபத்தின் முதல் மூலதனம். களைத்தவனுக்கு உறக்கமும் உணவும் வேண்டும். அவற்றை விற்க முடியாதவர்கள் விழிப்பை விற்றனர்.

இனி, முதற் சான்று. அது பகைவரின் சாட்சியமன்று. ரின்னின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் ஒப்புதல் வாக்குமூலம். மேற்கூறிய ரெட் புல் பானத்தின் 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் சீனியும் 80 மில்லிகிராம் கஃபீனும் உள்ளன. அதாவது, ஆறேழு தேக்கரண்டிச் சீனி. இதே விகிதத்தில் ஆக்கப்பட்டு 500 மில்லிலீற்றர் ரின்னில் வரும் பானமாயின் சீனி 55 கிராமை எட்டும். உலக சுகாதார தாபனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், உணவிற் சேர்க்கப்படும் சீனியை நாளொன்றுக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்கு 10க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கின்றது. 5க்குக் கீழே குறைப்பின் மேலும் நன்மை என்றும் கூறுகின்றது. அந்த 5 வீதம் ஏறத்தாழ 25 கிராமாகும். நீரிழிவு இல்லாத மனிதருக்கே சொல்லப்பட்ட இந்த அளவைச் சிறிய ரின் ஒன்றே தாண்டிவிடுகின்றதென்றால், நீரிழிவாளரின் கதி என்ன?

சோற்றிலும் மாச்சத்து உண்டே, அதுவும் சீனியாகத்தானே மாறும் என்று கேட்பர். உண்மை. ஆனாற் சோறு மென்று, செரித்து, மெல்ல மெல்ல இரத்தத்திற் கலக்கின்றது. கரைந்த சீனியோ தடையின்றிக் குடலைக் கடந்து விரைந்து இரத்தத்தை அடைகின்றது. போதிய இன்சுலின் சுரக்காத உடலுக்கும், சுரந்த இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலுக்கும் இந்தத் திடீர் வெள்ளத்தைத் தாங்கும் அணைக்கட்டு இல்லை.

இரண்டாம் சான்று கஃபீன். அது வயிற்றுட் சென்றதும் அட்ரினலின் முதலிய சுரப்புகளைத் தூண்டுகின்றது. அவை ஈரலிற் சேமிக்கப்பட்ட சீனியை வெளியே தள்ளும். தசைகள் இன்சுலினுக்குக் கீழ்ப்படிவதையும் குறைக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடைய 10 பேருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கஃபீன் கொடுத்து அளந்தபோது, அவர்களது பகற்பொழுதின் சராசரி இரத்தச் சீனி ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்திருந்தது. பத்துப் பேரைக் கொண்ட ஆய்வு சிறியதே. அதனைப் பெரிதாக்கிக் காட்ட யாம் முனையவில்லை. ஆனால் அது சுட்டும் திசை தெளிவானது. சீனியை ஏற்றும் பொருளும், ஏறிய சீனியை இறங்கவிடாத பொருளும் ஒரே ரின்னுக்குள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன.

"கோப்பியிலும் தேத்தண்ணீரிலும் கஃபீன் இல்லையா? கோப்பி குடிப்போருக்கு நீரிழிவு குறைவென்று ஆய்வுகள் கூறவில்லையா?" என்று எதிர்வாதம் எழும். கூறுகின்றன. பல்லாண்டுகள் கோப்பி குடிப்போரிடையே இரண்டாம் வகை நீரிழிவு குறைந்து காணப்படுவது பதிவான செய்தியே. ஆனால் அது கோப்பிக்கு உரிய சான்று. கோப்பியின் நற்சான்றிதழைக் காட்டிச் சீனிப் பானத்தை விற்பது, அண்ணனின் உறுதியைக் காட்டித் தம்பியின் காணியை விற்பதற்கு ஒப்பாகும். இனிப்புப் பானங்களைப் பற்றிய சான்று வேறு. பிரித்தானிய மருத்துவ இதழில் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு ஒரு முறை இனிப்புப் பானம் அருந்துவோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு உண்டாகும் வாய்ப்பு 18 வீதம் கூடியிருப்பதைக் கண்டது. நோய் இல்லாதவரை நோய்க்கு அழைப்பது நோயுள்ளவரை மட்டும் காக்குமோ?

மூன்றாம் சான்று இருதயம். 2019ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நல்ல உடல்நலமுள்ள 34 இளையோர் இப்பானங்களை ஏறத்தாழ ஒரு லீற்றர் அளவு குடித்தபின், அவர்களது இருதயத்தின் மின்னோட்ட ஒழுங்கில் மாற்றமும் இரத்த அழுத்தத்தில் உயர்வும் காணப்பட்டன. ஒரு லீற்றர் பெரிய அளவுதான். எனினும் அவர்கள் நோயற்றவர்கள். நீரிழிவாளரோ ஏற்கெனவே இருதய நோயின் வாயிலில் நிற்பவர்.

நான்காவது, வயலில் நிற்கும் நம் கமக்காரர் அறியவேண்டியது. இரத்தச் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதனைத் தேக்கி வைக்க இயலாது சிறுநீரோடு வெளியேற்றுகின்றது. சீனி போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றது. நீரிழிவு என்னும் பெயரே இதனைத்தான் உரைக்கின்றது. நண்பகல் வெயிலில் வியர்வையாகவும் நீரிழந்து நிற்கும் ஒருவர், தாகம் தணிக்கவென்று இதனைக் குடித்தால், தாகம் தணியாது, நாவரட்சி மிகும், இன்னொரு ரின் கேட்பார். கடைக்காரருக்கு இலாபம், சிறுநீரகத்துக்கு நட்டம்.

ஐந்தாவது, இன்சுலின் ஏற்றுவோரும் சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள் எடுப்போரும் அறியவேண்டியது. இரத்தச் சீனி 70க்குக் கீழே விழுந்தால் கை நடுங்கும்; நெஞ்சு படபடக்கும்; வியர்க்கும். கஃபீன் மிகுந்தாலும் கை நடுக்கமும் படபடப்பும் வரும். எது எதனால் வந்ததென்று குழம்பி, சீனி விழுந்ததைக் கஃபீனின் வேலை என்று எண்ணி வாளாவிருந்தவர் மயங்கி விழ நேரும். "சீனி விழுந்தவருக்கு இப்பானமே மருந்தாகாதா?" என்பர் சிலர். அவ்வேளையில் வேண்டியது 15 கிராம் அளவு விரைந்து கரையும் சீனி. பதினைந்து நிமிடங் கழித்து மறுபரிசோதனை. அதற்கு மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர் போதும். வீட்டுப் போத்தலில் இருக்கும் மருந்துக்கு விளம்பரம் தேவையில்லை.

"அப்படியாயின் சீனியற்ற வகையைக் குடிக்கலாமே" என்பது கடைசி அரண். சீனியற்ற வகை சீனியுள்ள வகையினும் தீங்கு குறைந்தது. இதனை ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால் சீனி நீங்கினாலும் கஃபீன் நீங்கவில்லை, படபடப்பு நீங்கவில்லை, உறக்கக் கேடு நீங்கவில்லை. உறக்கம் கெட்டாற் சீனியின் கட்டுப்பாடும் கெடும் என்பதை எந்த நீரிழிவு வைத்தியரும் கூறுவார். தீங்கு குறைந்தது வேறு; தீங்கற்றது வேறு. இவ்விரண்டுக்கும் வேற்றுமை அறியாதவர் போல் நடிப்பதே விளம்பரக் கலை.

நிற்க. சட்டம் என்ன சொல்கின்றது? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, 2016 ஓகஸ்ற் 1ஆம் திகதி முதல் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி இடப்படுகின்றது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2க்குக் குறைந்தாற் பச்சை. நல்ல நோக்கமுள்ள விதி. அதனை இயற்றியோரைப் பாராட்டுகின்றோம். ஆயினும் அதில் இரு ஓட்டைகள் உள்ளன. 100 மில்லிலீற்றருக்குச் சரியாக 11 கிராம் சீனி உள்ள பானம் சிவப்புக்குத் தப்பிச் செம்மஞ்சளில் நிற்கலாம். மனிதன் குடிப்பதோ 100 மில்லிலீற்றரை அன்று, ரின் முழுவதையும். 55 கிராம் சீனி சிவப்பாகாமற் போவது எந்த நியாயம்? மற்றைய ஓட்டை பச்சைக்குறி. அது சீனியைப் பற்றி மட்டுமே பேசும்; கஃபீனைப் பற்றி வாய் திறவாது. பச்சையைக் கண்ட நீரிழிவாளர், வீதிச் சந்தியிற் பச்சை விளக்கைக் கண்ட சாரதிபோல் முன்னே செல்வார். எதிரே வருவதை அவருக்கு யார் சொல்வது?

2017 நவம்பரில் அரசாங்கம் பானங்களிலுள்ள சீனிக்குக் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வீதம் வரி விதித்தது. 27 கிராம் உள்ள ரின்னுக்கு அது 13 ரூபா 50 சதமாகும். 2018ஆம் ஆண்டு முடியுமுன்னரே அவ்வரி தளர்த்தப்பட்டது. மக்களின் உடல்நலம் வரவுசெலவுத் திட்டத்துக்கு வரவுசெலவுத் திட்டம் மாறும் பண்டமோ?

"வாங்குவோனே விழிப்பாயிருக்கவேண்டும், எச்சரிப்பது எங்கள் பொறுப்பன்று" என்று விற்பவர் கூறுவாராயின், 1932ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த டொனகியூ எதிர் ஸ்ரீவன்சன் வழக்கை அவருக்கு நினைவூட்டுகின்றோம். உள்ளே இருப்பது தெரியாத போத்தலில் இஞ்சிப் பானம் குடித்த பெண்ணொருத்தி, அதில் அழுகிய நத்தை இருந்ததென முறையிட்டாள். குடிப்பவர் திறந்து ஆராய முடியாதபடி அடைத்து விற்பவன், அக்குடிப்பவர்பாற் கவனக் கடமை உடையவன் என்பது அங்கு பிறந்த நெறி. இன்றைய ரின்னில் நத்தை இல்லை. உள்ளடக்கமும் எழுதப்பட்டே உள்ளது. ஆனாற் பொடியெழுத்தில் உண்மையையும் கொட்டையெழுத்திற் "சக்தி" என்பதையும் அச்சிடுவது அக்கடமையின் உயிரைக் காப்பதாகுமா?

பிறநாடுகள் உறங்கவில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கு இப்பானங்களை விற்பதை லித்துவேனியா 2014இலும், லத்வியா 2016இலும், போலந்து 2024இலும் தடைசெய்தன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண உணவு அதிகாரசபை 2018ஆம் ஆண்டில் "சக்தி" என்னும் சொல்லையே நீக்கி, "தூண்டற் பானம்" என எழுதுமாறு பணித்தது. பெயரிலுள்ள பொய்யை நீக்கினாற் பாதி வேலை முடிந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் அதனை அறியாதிருந்தனர். வடக்கும் கிழக்கும் போர் காரணமாக அக்கணக்கிற் சேர்க்கப்படவேயில்லை! 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வோ, வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உடையவர் எனக் காட்டிற்று. அறியாது குடிப்பவருக்கு "உன் விருப்பம், உன் சுதந்திரம்" என்று கூறுவது சுதந்திரத்தைப் பரிகசிப்பதாகும். அறிவு இல்லாத இடத்திற் சம்மதம் இல்லை என்பது சட்டத்தின் அரிச்சுவடி.

ஆகவே யாம் கோருவன இவை. நிறக்குறி 100 மில்லிலீற்றருக்கன்றி முழுக் கொள்கலத்துக்கும் கணிக்கப்படல் வேண்டும். கஃபீனின் அளவும், நீரிழிவாளர், இருதய நோயாளர், கர்ப்பிணிகள், சிறுவர் ஆகியோருக்கான எச்சரிக்கையும் கொட்டையெழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ரின்னின் முகப்பிலே நிற்றல் வேண்டும். தமிழ் அரசகரும மொழியென அரசியலமைப்பு ஏற்ற நாட்டிற் தமிழனுக்கு உரிய எச்சரிக்கை அவனுக்கு விளங்கும் மொழியில் இருப்பது சலுகையன்று, உரிமை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலும் அதன் வாயிலிலும் இவற்றின் விற்பனை நிறுத்தப்படல் வேண்டும். சீனி வரி மீண்டும் முழுமையாக விதிக்கப்பட்டு, அப்பணம் நீரிழிவுக் கிளினிக்குகளின் மருந்துக்கே செலவாதல் வேண்டும்.

கொழும்பை நோக்கிக் கோரிக்கை விடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் நம்முடையவை. அவற்றின் குளிர்பெட்டியில் எதனை வைப்பதென்று தீர்மானிப்போர் நாமே. சனசமூக நிலையங்கள் நம்முடையவை. மாதம் ஒருமுறை அங்கே இரத்தச் சீனிப் பரிசோதனை நடத்த வைத்தியர்களை அழைப்பதற்கு எந்த அமைச்சரின் ஒப்பமும் தேவையில்லை. தோட்டத்துக்குச் செல்பவருக்குத் தண்ணீரும் உப்பிட்ட மோரும் போதும். நம்முடையது என்பதற்காகக் கருப்பநீருக்கும் யாம் விலக்களிக்கவில்லை. பனையின் சீனியும் நீரிழிவாளருக்குச் சீனியே. நீதி எல்லார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

நீரிழிவுடைய வாசகர் இன்றே தமது வைத்தியரிடம் இப்பானத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்கட்டும். நாற்பதைத் தாண்டியும் பரிசோதியாதவர் இவ்வாரமே சென்று பரிசோதிக்கட்டும். சக்தி ரின்னிலிருந்து வருவதன்று. உண்ட சோற்றிலிருந்தும், உறங்கிய இரவிலிருந்தும், தன் உடலைத் தானே அறிந்த அறிவிலிருந்தும் வருவது. அவ்வறிவைப் பெற்ற மக்களைப் பெயரை மாற்றி ஏமாற்ற எவராலும் முடியாது.