கையொப்பம் வைக்க முன்

லீவுக்கு லண்டனிலிருந்து கொச்சிக்கடைக்கு வரும் நம் சொந்தங்களுக்கு இதைச் சொல்லி வைப்போம்.

அங்கே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றைக் கடனட்டையில் வாங்கி, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால், அட்டை கொடுத்த வங்கியும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆகவே இங்குள்ள ஹோட்டலின் கவனயீனத்தால் கால் முறிந்தாலும், அறைக் காசோடு காயத்துக்கான நட்டஈட்டையும் அந்த வங்கியிடம் கேட்கலாம். (டெபிட் கார்டுக்கு இது இல்லை. இடையில் ஏஜென்ட் ஒருவருக்குக் காசு கட்டியிருந்தாலும் சிக்கல்தான்.)

நாம் என்ன செய்கிறோம்? மாமா, மச்சான் எல்லாரும் கூடி, "பிரச்சினை வேணாம், விடுங்க" என்று மருந்துச் செலவை மட்டும் வாங்கிக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடதாசியில் ஒப்பம் வைக்கச் சொல்கிறோம். முழுமையான இறுதித் தீர்வு என்று அதில் இருந்தால், வங்கியும் அதையே காட்டித் தப்பப் பார்க்கும். வழக்கு அந்த வாசகத்தில்தான் தங்கியிருக்கும்.

சமாதானம் நல்லதுதான். எக்ஸ்ரே வர முன்னமே ஏன் இந்த அவசரம்? பில்லை எடுத்து வைக்கச் சொல்வோம். அந்தக் கடதாசியை அங்குள்ள சட்டத்தரணி ஒருவர் பார்க்கட்டும்.