புள்ளை திங்கலைன்னா அப்பன் தட்டைப் பாருங்க!

"எம்பையன் காயே தொட மாட்டானுங்க." நம்ம கோயமுத்தூர்ல கல்யாணப் பந்தியில உக்காந்தா போதும், பெத்தவங்க இதை ஏதோ மெடல் வாங்கின மாதிரி பெருமையாச் சொல்றாங்க. கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

கொள்ளுப்பருப்பைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சா அடுத்த நிமிசமே தனியா நூடுல்ஸ். அடம் புடிச்சா வேற கெடைக்கும்னு புள்ளை கத்துக்காம என்ன பண்ணும்? அதுவும் பத்தாதுன்னு செல்போனைக் காட்டி ஊட்டறது. வாய்க்குள்ள போறது என்னன்னே தெரியாம முழுங்கினா ருசி எப்படிங்க பழகும்?

புது ருசி பழக 8, 10, சிலசமயம் 15 தடவைகூட ஆகும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. நாம ரெண்டாவது தடவையே "அவனுக்குப் புடிக்காது"ன்னு முத்திரை குத்திடறோம். எல்லன் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் கணக்கு இது: என்ன, எப்போ, எங்கேங்கறது பெத்தவங்க முடிவு; திங்கறதா, எவ்வளவுங்கறது புள்ளை முடிவு. நம்ம வீடுகள்ல அப்படியே தலைகீழ்!

2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசுப் பள்ளி காலை உணவுத் திட்டத்துல உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார்தான். ஆளுக்கொரு மெனு கெடையாது. பக்கத்துப் புள்ளை திங்கறதைப் பாத்துத் தானும் திங்குது.

எடை குறைஞ்சாலோ, முழுங்கவே செரமப்பட்டாலோ டாக்டர்கிட்டப் போங்க, அது வேற. மத்தவங்களுக்கு ஒரே வைத்தியம்: ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து, மொதல்ல அப்பன் கீரையைத் திங்கட்டும். கறிவேப்பிலையோட கத்திரிக்காயையும் ஒதுக்கறவருக்குப் புள்ளையை அதட்ட என்னங்க யோக்கியதை?