வேனிற் செலவு

பாலைத்திணைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்தார் தொல்காப்பியர். மதுரை நோக்கிச் சென்ற கோவலனும் கண்ணகியும் பகல் வெம்மைக்கு அஞ்சி இரவில் நிலவொளியில் நடந்தனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். பொழுது தெரிந்து புறப்படுதல் அவர்க்கு இயன்றது.

இன்றோ, பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் ஒருங்கே வரும் மே திங்களில், இரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுவோர் படும் பாடு பெரிது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாள்களாக இருந்தது. நாள் குறித்து இன்பச் செலவு மேற்கொள்வார்க்கு இஃது ஏற்றதே. உறவினர் இறந்த செய்தி கேட்டு விரைவோர்க்கும், கூலிவேலை நாடிச் செல்வோர்க்கும் இஃது எங்ஙனம் உதவும்? அன்னோர் படிக்கட்டருகே ஒற்றைக்காலில் நிற்பர். மூட்டையின்மேல் குழந்தை உறங்கும். நீர் கொள்ள இறங்கின் நின்ற இடம் பறிபோகும். இறங்காவிடின் நா வறளும். விலைக்கு வாங்கிய நீரும் சிறிது நேரத்தில் வெந்நீராகும் என்பது வேறு!

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளின் நெரிசலைக் கருதி, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச்சீட்டு முறை வந்தது. குளிர் நாடிச் செல்வார் பொருட்டு இத்துணை முயற்சி நிகழ்ந்தது நன்றே. வேறு வழியின்றி வெயிலிற் செல்வார் பொருட்டு முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கோடையிலேனும் பெருக்குதல் அதனினும் முற்படச் செய்யத்தக்கது. அப்பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு கோடிகளிலும் இருத்தலின், நடைமேடையின் இரு கோடிகளிலும் குடிநீர்க் குழாய்கள் வறளாதிருத்தல் வேண்டும்.